இழப்பின் பின் வரும் காதல்: டேவிட்டும் அக்னஸும்



இத்தொடருக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை நூல்களின் பெயர்களையும், அவற்றை எங்கே பெறலாம் என்பதையும் கேட்டு வருபவை. சில கிழமைகளுக்கு முன்னர் வந்த ஒரு கடிதம் அவ்வகையானதன்று. எழுதியவர் தமது பெயரையோ விலாசத்தையோ குறிப்பிடவில்லை. "எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று தொடங்கியிருந்தார். அந்த ஒருவர் மனைவியை இழந்து நான்கு வருடங்கள் ஆகிவிட்டனவாம். அடுத்த வளவில் ஒன்றாக விளையாடி வளர்ந்த பெண்ணொருத்தி, இப்பொழுது கணவனை இழந்தவர், ஊருக்குத் திரும்பி வந்திருக்கிறாராம். இருவரும் மாலை வேளைகளிற் கதைத்துக்கொண்டிருப்பார்களாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. "இப்படியான ஓர் உறவுக்கு இலக்கியத்தில் இடமுண்டா? அல்லது இறந்தவளுக்குச் செய்யும் துரோகம் என்றுதான் இலக்கியமும் சொல்லுமா?" என்று கேட்டிருந்தார்.

விலாசம் இல்லாத கடிதத்திற்குத் தபாலிற் பதில் அனுப்ப முடியாது. ஆகவே இந்த வாரப் பேச்சையே பதிலாக அமைத்துக்கொள்கிறேன்.

கடிதத்தை வாசித்ததும் என் நினைவுக்கு முதலில் வந்த நூல் சார்ள்ஸ் டிக்கன்ஸின் 'டேவிட் கொப்பர்பீல்ட்'. நம்மிற் பலர் இந்த நாவலைச் சுருக்கிய பதிப்பாகப் பாடசாலையிற் படித்திருப்போம். நானும் அப்படித்தான். அந்த வயதில் எனக்குப் பிடித்தவள் டோரா. சுருள் முடியும் சின்ன நாய்க்குட்டியுமாக வரும் டோரா. அக்னஸ் எனக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. எப்பொழுதும் அமைதியாக இருப்பவள், எப்பொழுதும் நல்லதையே சொல்பவள் என்று பக்கங்களைப் புரட்டிவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய பின்னர் முழு நூலையும் மீண்டும் படித்தபோது, நான் புரட்டிவிட்ட பக்கங்களிலேதான் கதை இருந்தது என்பதை உணர்ந்தேன்.

இந்த நாவல் 1849 மே மாதத்திலிருந்து 1850 நவம்பர் வரை மாதாந்தப் பகுதிகளாக வெளிவந்தது. மொத்தம் 64 அத்தியாயங்கள். கதாநாயகன் தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்தது. தம்முடைய படைப்புகள் எல்லாவற்றிலும் இதுவே தமக்கு மிகவும் பிரியமானது என்று பிற்காலத்து முன்னுரை ஒன்றில் டிக்கன்ஸ் தெரிவித்திருக்கிறார்.

கதையை அறியாதவர்களுக்காக, நமது விடயத்தோடு தொடர்பான பகுதியை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். தந்தை இறந்த பின் பிறந்தவன் டேவிட். தாயையும் சிறு வயதிலேயே இழக்கிறான். மாற்றாந் தந்தையின் கொடுமைக்கு ஆளாகி, லண்டனில் போத்தல் கழுவும் தொழிலுக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து தப்பிக் கால்நடையாகவே டோவர் நகருக்குச் சென்று, தந்தை வழி உறவினரான பெட்சி மாமியிடம் அடைக்கலம் புகுகிறான். அவர் அவனைக் கன்டபரி நகரிலுள்ள பாடசாலையிற் சேர்த்து, விக்பீல்ட் என்ற சட்டத்தரணியின் வீட்டிலே தங்க வைக்கிறார். அங்கேதான் அக்னஸ் இருக்கிறாள். அவளுக்கும் ஏறக்குறைய டேவிட்டின் வயதுதான். தாயில்லாப் பிள்ளை. இடுப்பிலே சாவிகள் நிறைந்த சிறு கூடையொன்றைத் தொங்கவிட்டுக்கொண்டு அந்தப் பெரிய வீட்டை நிர்வகிக்கிறாள். முதன்முதலாக அவளைப் படிக்கட்டில் பார்க்கும் டேவிட்டுக்கு, எங்கோ ஒரு தேவாலயத்திற் கண்ட வர்ணக் கண்ணாடி யன்னல் நினைவுக்கு வருகிறது. அந்த யன்னலின் ஒளியும் அக்னஸின் முகமும் அவன் மனத்திலே என்றென்றைக்குமாக ஒன்றாகிவிடுகின்றன.

ஆனால் அவன் அவளைச் சகோதரி என்றே அழைக்கிறான். தன் ஒவ்வொரு புதிய காதலையும் அவளிடமே வந்து சொல்கிறான். ஸ்டியர்போர்த் என்ற நண்பனைப் பற்றி அவள் எச்சரிக்கிறபோது அவன் கேட்பதில்லை. தான் வேலை பழகிய காரியாலயத்து முதலாளியின் மகளான டோராவைக் கண்டதும் காதல் கொண்டு மணக்கிறான். டோராவுக்கு வீட்டுக் கணக்கு எழுதத் தெரியாது. சமையற்காரியை அதட்டத் தெரியாது. அவன் இரவில் எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் அமர்ந்து பேனாக்களை எடுத்துக் கொடுப்பதுதான் அவளால் இயன்ற உதவி. அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை! திருமணமாகிச் சில காலத்திலேயே, பிறக்கவிருந்த குழந்தையும் தங்காமற் போய், அவள் மெல்ல மெல்ல நலிந்து இறந்துவிடுகிறாள்.

அந்த மரணக் காட்சியை நேயர்கள் ஒரு தடவையாவது முழுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். டோரா தன் கணவனிடம், தான் வயதினால் மட்டுமல்ல, அறிவினாலும் சிறுபிள்ளையாகவே இருந்துவிட்டதாகச் சொல்கிறாள். சிறுவனும் சிறுமியுமாக அன்பு செலுத்திவிட்டு மறந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்கிறாள். பேதை என்று நாம் எண்ணியிருந்த பெண், அந்த வீட்டில் எவரும் சொல்லத் துணியாத உண்மையைத் தானே சொல்லிவிடுகிறாள். பின்னர் அக்னஸோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கிறாள். டேவிட் கீழே காத்திருக்கிறான். மேலே இருவரும் என்ன பேசினார்கள் என்பது அவனுக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. சற்று நேரத்தில் டோராவின் நாய் அவன் காலடியில் உயிரை விடுகிறது. அக்னஸ் வந்து நிற்கிறாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிடுகிறது.

இதன் பின்னர் டேவிட் மூன்று வருடங்கள் வெளிநாடுகளில் அலைகிறான். இந்த மூன்று வருடங்களை ஆசிரியர் சும்மா வைக்கவில்லை. முதலில் அவனால் அழக்கூட முடியவில்லை. சுவிற்சர்லாந்தின் மலைப் பள்ளத்தாக்கொன்றில், ஒரு மாலை நேரம், தூரத்து இடையர்களின் பாட்டைக் கேட்டபோதுதான் டோரா இறந்த பின் முதன்முறையாக அழுகிறான். அதே மாலையில் அக்னஸின் கடிதம் கைக்குக் கிடைக்கிறது. அந்தக் கடிதத்தில் ஆறுதல் வார்த்தைகள் அதிகம் இல்லை. துயரம் உன்னைப் பலவீனப்படுத்தாது, பலப்படுத்தும் என்று நான் நம்புகிறேன் என்ற கருத்துத்தான் இருக்கிறது. அவன் மீண்டும் எழுதத் தொடங்குகிறான். அங்கேதான், தான் அக்னஸைக் காதலிக்கிறான் என்பதும் அவனுக்குத் தெரிகிறது. ஆனால் சகோதரி என்று இத்தனை காலமும் அழைத்துவிட்டு, இனி எந்த உரிமையோடு கேட்பது என்று தயங்குகிறான்.

ஊர் திரும்பி விக்பீல்ட் வீட்டுக்குச் செல்லும் டேவிட் கண்டது என்ன? அந்த வீட்டை யூரையா ஹீப் என்ற வஞ்சக இலிகிதன் ஒரு காலத்தில் ஆக்கிரமித்திருந்தான். அவன் போன பின், அக்னஸ் எல்லாவற்றையும் தாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே மீண்டும் ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறாள். சாவிக் கூடையும் அதே இடுப்பில் தொங்குகிறது. சிறுமிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் காலத்தைக் கழிக்கிறாள். அவள் வேறொருவரை மணக்கப் போகிறாள் என்று டேவிட் எண்ணிக்கொள்கிறான். பெட்சி மாமியும் வேண்டுமென்றே அந்த எண்ணத்தை வளர்த்துவிடுகிறார். இறுதியில் அவளுடைய இரகசியத்தைத் தன்னிடம் சொல்லும்படி அவன் வற்புறுத்த, அவள் அழுதுகொண்டே விலக முயல, அந்தக் கண்ணீரிலிருந்து உண்மை வெளிப்படுகிறது. அவள் வாழ்நாள் முழுவதும் நேசித்தது அவனைத்தான்.

இரண்டு கிழமைக்குள் அவர்களுக்குத் திருமணமாகிறது. நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல விரும்பும் இடம் இதற்குப் பின்னர்தான் வருகிறது. திருமணம் முடிந்து இருவரும் தனித்திருக்கும்போது, இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்கிறாள் அக்னஸ். டோரா இறந்த இரவில் அந்த அறையிலே நடந்த பேச்சு அது. தன் இடத்துக்கு வேறெவரும் வராமல் அக்னஸே வரவேண்டும் என்பதுதான் டோராவின் கடைசி வேண்டுகோளாக இருந்திருக்கிறது.

இந்தக் காட்சியைச் சிலர் ஆசிரியருடைய சௌகரியம் என்பார்கள். இறந்தவளே அனுமதி கொடுத்துவிட்டால் வாசகருக்குச் சங்கடம் இல்லை அல்லவா? அது ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் அந்த வேண்டுகோள் எப்பொழுது வெளிவருகிறது என்பதைக் கவனியுங்கள். மூன்று வருடங்களுக்கும் மேலாக அக்னஸ் அதைத் தன்னுள்ளேயே வைத்திருந்தாள். ஒரு கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் டேவிட் ஓடி வந்திருப்பான். அவள் எழுதவில்லை. இறந்தவளின் வார்த்தையை வைத்து உயிரோடிருப்பவனைக் கட்டாயப்படுத்த அவள் விரும்பவில்லை. அவன் தானாக வந்து, தானாகக் கேட்டு, எல்லாம் நிறைவேறிய பின்னர்தான் சொல்கிறாள். டோராவுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எவரும் செய்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்னஸின் பாத்திரப் படைப்பைப் பற்றிக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஜோர்ஜ் ஓர்வெல் 1940இல் டிக்கன்ஸைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், டிக்கன்ஸின் கதாநாயகிகளிலேயே தமக்கு ஆகாதவள் இவள்தான் என்ற தொனியில் எழுதினார். இரத்தமும் சதையும் இல்லாத தேவதை என்பது அவரது குறை. நான் அதை முற்றாக மறுக்க மாட்டேன். டிக்கன்ஸின் மனைவியின் தங்கை மேரி ஹோகார்த் அவர்களுடைய வீட்டில் இருந்தபோது 1837இல், 17 வயதில், திடீரென்று இறந்தாள். அவளுடைய விரலிலிருந்த மோதிரத்தை எடுத்துத் தம் விரலில் அணிந்துகொண்டார் டிக்கன்ஸ். அந்த மேரியின் நிழல் அக்னஸில் விழுந்திருப்பதாக ஆய்வாளர் பலர் கருதுவர். இறந்தவளின் நினைவைக் கொண்டு உயிருள்ள பெண்ணொருத்தியைப் படைக்க முயன்றால் அவள் சற்றுச் சிலைபோலத்தான் வருவாள்.

டோரா கதையும் அப்படியே. அவளை என்ன செய்வது என்று டிக்கன்ஸ் நெடுநாள் தடுமாறினார். 1850 மே மாதத்திற்கூட முடிவு செய்யவில்லை என்று தம் நண்பர் ஜோன் போஸ்டருக்கு எழுதினார். அவ்வருடம் ஆகஸ்ட் 16ஆந் திகதி அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு டோரா என்றே பெயரிட்டார். அதே மாதத்தில், கதையிலுள்ள டோராவைச் சாகடிக்கும் அத்தியாயத்தை எழுதினார். குழந்தை டோரா எட்டு மாதங்களே வாழ்ந்து 1851 ஏப்ரிலில் இறந்தது. எழுத்தாளனின் மேசையிலே நடப்பது வேறு, வீட்டிலே நடப்பது வேறு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அந்த வீட்டில் அதை எளிதாகச் சொல்லியிருக்க முடியாது.

கதையிலே டேவிட்டுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு டிக்கன்ஸின் வாழ்க்கையிலும் ஒரு தடவை வாசலில் வந்து நின்றது. 18 வயதில் அவர் மரியா பீட்னெல் என்ற பெண்ணைக் காதலித்தார். டோராவின் மூலமாதிரி இவள்தான். 1833 அளவில் அந்தக் காதல் முறிந்தது. 22 வருடங்கள் கழித்து, 1855 பெப்ரவரியில், திருமணமாகிவிட்ட மரியாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 43 வயதான டிக்கன்ஸ் இளைஞனைப்போல் உருகிப் பதில் எழுதினார். தனக்கு வயதாகிவிட்டது, அழகு போய்விட்டது என்று அவள் முன்கூட்டியே எச்சரித்தாள். அவர் நம்பவில்லை. நேரிற் சந்தித்தபோது நம்பிவிட்டார். அத்தோடு ஆர்வம் அடங்கிப்போயிற்று.

இந்த ஏமாற்றம் அடுத்த நாவலான 'லிற்றில் டொரிட்'டில் புளோரா பிஞ்சிங் என்ற பாத்திரமாயிற்று. 20 வருடங்களுக்கு மேல் சீனாவிலிருந்துவிட்டுத் திரும்பும் ஆதர் கிளென்னம், தன் இளமைக் காதலியைக் காணப் போகிறான். புளோரா இப்பொழுது விதவை, பருத்த உடல், மூச்சு விடாமற் பேசுகிறாள், பதினெட்டு வயதில் விட்ட இடத்திலிருந்து காதலைத் தொடர நினைக்கிறாள். வாசகர் சிரிக்கிறோம்.

இங்கே நான் சற்று நிற்கிறேன். மனைவியை இழந்த டேவிட்டுக்கு வர்ணக் கண்ணாடியின் ஒளி. கணவனை இழந்த புளோராவுக்குச் சிரிப்பு. இரண்டையும் எழுதியது ஒரே கை. 'லிற்றில் டொரிட்' லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த அதே 1856இல்தான், ஈஸ்வர சந்திர வித்தியாசாகரின் விடாமுயற்சியால், இந்தியாவில் இந்து விதவைகளின் மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்தாலும் மனம் வர நெடுங்காலம் எடுத்தது என்பது நமக்குத் தெரிந்ததே. நியாயத்தின் பொருட்டு ஒன்றையும் சொல்ல வேண்டும். புளோரா கதையின் முடிவில் எவ்விதப் பொறாமையும் இன்றி, ஆதர் மணக்கப்போகும் பெண்ணை மனமார வாழ்த்துகிறாள். சிரிப்பதற்கென்று படைத்த பாத்திரம் நம்மை வெட்கப்பட வைக்கிறது.

விதவைக்கு அந்த இரண்டாவது வாய்ப்பை முழுமையாகக் கொடுத்த நாவல் ஒன்றைச் சொல்வதானால், கொலம்பியா நாட்டவரான காப்ரியேல் கார்ஸியா மார்க்வெஸ் 1985இல் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட 'கொலரா காலத்தில் காதல்' நாவலைச் சொல்வேன். தந்திக் காரியாலயத்தில் வேலை செய்யும் புளோரன்டினோ அரிஸா, 13 வயதுச் சிறுமியான பெர்மினா டாஸாவைக் கண்டு காதல் கொள்கிறான். கடிதங்களிலே வளர்ந்த அந்தக் காதலைப் பின்னர் அவளே ஒரு நாள் உதறிவிட்டு, உர்பினோ என்ற வைத்தியரை மணக்கிறாள். அரை நூற்றாண்டு கழித்து, மாமரத்தில் ஏறிய கிளியைப் பிடிக்கப்போய் வைத்தியர் ஏணியிலிருந்து விழுந்து இறக்கிறார். பெர்மினாவுக்கு 72 வயது. துக்க வீட்டிலேயே தன் காதலை மீண்டும் சொல்லும் புளோரன்டினோவை அவள் கோபத்தோடு துரத்திவிடுகிறாள்.

பின்னர் அவன் அவளை எப்படி அணுகினான்? பழைய காதற் கடிதங்களைப்போல் எழுதவில்லை. தட்டச்சில், வாழ்க்கை, முதுமை, மரணம் ஆகியவற்றைப் பற்றி எழுதி அனுப்பினான். கணவனை இழந்து நிலைகுலைந்திருந்தவளுக்கு அந்தக் கடிதங்கள் ஊன்றுகோலாயின. சிறுமியாக இருந்தவளை அவன் தேடவில்லை. முன்னால் இருப்பவளோடு பேசினான். அவளுடைய மகள் இந்த வயதில் இது அருவருப்பு என்கிறாள். மகளை வீட்டைவிட்டே அனுப்பிவிடுகிறாள் தாய். புளோரன்டினோ ஒன்றும் அப்பழுக்கற்றவன் அல்லன். காத்திருந்த காலத்தில் அவன் பாதுகாவலில் விடப்பட்ட சிறுமி ஒருத்தியின் வாழ்வையே அழித்தவன். அதை மறைத்துவிட்டு இந்நாவலைக் காதற் காவியம் என்று மட்டும் புகழ்வது சரியல்ல.

நம்மவர் நெஞ்சில் பதிந்த பாலிய காதல் என்றால் அது சரத் சந்திரரின் 'தேவதாஸ்' தான். 1917இல் வங்காளியில் வெளிவந்து, 1953இல் தமிழ்த் திரைப்படமாகவும் வந்து, நம் தாய் தந்தையரை அழவைத்த கதை. அங்கே இரண்டாவது வாய்ப்பு இல்லை. பார்வதியின் வீட்டு வாசலில் மரணந்தான் இருக்கிறது. தொல்காப்பியத்தை எடுத்துக்கொண்டால், காஞ்சித் திணையில் மனைவியை இழந்தவனின் நிலைக்குத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவளின் நிலைக்குத் தாபத நிலை என்றும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இழப்பைப் பெயரிட்டுப் போற்றியவர்கள் நாம். அதற்குப் பின்னரும் மனிதர் உயிரோடிருக்கிறார்கள் என்பதைப் பேசுவதற்குத்தான் தயங்கியிருக்கிறோம்.

கடிதம் எழுதிய அன்பருக்கு இனி என் பதிலைச் சொல்லலாம். இலக்கியத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் இலக்கியம் எல்லோருக்கும் ஒரே தீர்ப்பை வழங்குவதில்லை. நான் படித்த இந்நூல்களில் எங்கெல்லாம் அந்த உறவு நிலைத்ததோ, அங்கெல்லாம் இறந்தவரை எவரும் மறைக்கவில்லை. தன் கதையை எழுதும் டேவிட், அக்னஸின் கணவனாக இருந்துகொண்டே டோராவின் அத்தியாயத்தை அத்தனை அன்போடு எழுதுகிறான். பக்கத்திலிருப்பவள் அதைத் தடுப்பவளல்லள். எங்கெல்லாம் அது முறிந்ததோ, அங்கெல்லாம் ஒருவர் மற்றவரிடம் பழைய முகத்தைத் தேடியிருக்கிறார். டிக்கன்ஸ் மரியாவிடம் தேடியது அதைத்தான். சிறுவயதுத் தோழமை தருவது அந்த முகத்தையல்ல. நம் தாயை, நம் வீட்டு முற்றத்தை, நாம் யாராக இருந்தோம் என்பதை அறிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார் என்ற ஆறுதலையே அது தருகிறது. அந்த ஆறுதலோடு மாலை வேளையில் இருவர் கதைத்துக்கொண்டிருப்பது எவருக்கும் துரோகமாகாது என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெர்மினாவைப்போல் மகளைத் துரத்தும்படி நான் சொல்ல மாட்டேன். அக்னஸைப்போல் காத்திருக்கலாம். அவர்களும் ஒரு தாயை இழந்தவர்கள். அவர்களுடைய மூன்று வருடம் உங்களுடைய மூன்று வருடத்தோடு சேர்ந்து முடிவதில்லை.

"எனக்குத் தெரிந்த ஒருவர்" என்று எழுதியிருந்தீர்கள். அவர் யாராக இருந்தாலும், 'டேவிட் கொப்பர்பீல்ட்' நாவலின் 58ஆம் அத்தியாயத்திலிருந்து 62ஆம் அத்தியாயம் வரையேனும் அவரைப் படிக்கச் சொல்லுங்கள். சுருக்கிய பதிப்பு வேண்டாம்; முழு நூல். முடியுமானால் அடுத்த வளவிலிருந்து வருபவருக்கு உரத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு நூலோடு சந்திப்போம். வணக்கம்.